பிரவுசர் கேள்விகள்: குரோமில் ஓடினால் போதுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரவுசரைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் எல்லாரும் குரோமில் மட்டும்தான் டெஸ்ட் செய்கிறோம். எட்ஜ், பிரேவ், ஓப்பரா எல்லாமே உள்ளே குரோம்தானே, ஃபயர்பாக்ஸுக்கும் சஃபாரிக்கும் எதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று டீம் லீட் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– வெப் டெவலப்பர், கோயம்புத்தூர்

பதில்: அவர் சொல்வதில் முதல் பாதி சரி. ஓப்பரா தன் சொந்த இன்ஜினான பிரெஸ்டோவை 2013-ல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில், இனி எட்ஜ் குரோமின் திறந்த மூல அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் என்று அறிவித்து 2020 ஜனவரியில் வெளியிட்டது. பெயர் வேறு, ஐகான் வேறு, ஆனால் பக்கத்தைப் படித்துத் திரையில் வரைகிற வேலையைச் செய்வது பிளிங்க் என்ற ஒரே இன்ஜின். இன்று பரவலாகப் புழங்கும் இன்ஜின் மூன்றுதான்: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் கெக்கோ. அதிலும் பிளிங்க் 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனது என்பதால், உண்மையில் இரண்டே வம்சம் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது பாதி தவறு. ஏன் என்று எனக்கு நடந்ததையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் பக்கம் செய்து கொடுத்தேன். குரோமில் பத்து முறை பார்த்தாகிவிட்டது. திறந்த அன்று சாயங்காலமே போன் வந்தது, எந்தத் தேதியைத் தொட்டாலும் "இன்வேலிட் டேட்" என்று வருகிறது, ஏற்கெனவே புக் ஆன முகூர்த்த நாளெல்லாம் காலி என்று காட்டுகிறது என்று. பார்த்தது அவர் மகளின் ஐபோனில். சரி, அதிலேயே குரோம் இருக்கும், அதில் திறந்து பாருங்கள் என்றேன். அதிலும் அதே கதை. விஷயம் என்னவென்றால், என் சர்வர் தேதியையும் நேரத்தையும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைப்படி அந்த இடத்தில் ஆங்கில எழுத்து 'டி' இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்படிப் புரிந்துகொள்வது என்பது அந்தந்த இன்ஜினின் இஷ்டம். குரோம் அனுசரித்துக்கொண்டது, அன்றைய சஃபாரி அனுசரிக்கவில்லை. ஐபோனில் இருக்கும் குரோமும் பெயருக்குத்தான் குரோம். ஆப்பிளின் விதிப்படி அங்கே எல்லா பிரவுசரும் வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் (ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வந்தபின் 2024 மார்ச்சில் அந்த நாடுகளில் அந்த விதி தளர்ந்தது, 2025 டிசம்பரில் ஜப்பானிலும்). ஆக, தப்பு சஃபாரியுடையது இல்லை, என்னுடையது. ஒரு எழுத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த எழுத்தைக் குரோம் எனக்குக் கடைசி வரை காட்டிக்கொடுத்திருக்காது.

டீம் லீடுக்கு ஐபோன் காரணமே போதும். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாம் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிடுகிறோம், ஃபயர்பாக்ஸில் ஏதோ ஒன்று உடைகிறது, பயன்படுத்துகிறவர் நம்மைத் திட்டமாட்டார், "ஃபயர்பாக்ஸ் சரியில்லை" என்று குரோமுக்குப் போய்விடுவார். அடுத்த வருடம் நம் கணக்கில் ஃபயர்பாக்ஸ் ஆட்கள் இன்னும் குறைவு, அதனால் டெஸ்ட் செய்வது இன்னும் குறைவு. இது ஏற்கெனவே ஒருமுறை நடந்ததுதான். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001-ல், 7 வந்தது 2006-ல். போட்டி இல்லாததால் ஐந்து வருடம் வெப் அப்படியே நின்றது. தென் கொரியாவில் வங்கி வேலைக்கு, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் வேண்டும் என்று ஆகி, அதிலிருந்து வெளியே வரப் பல வருடம் பட்ட பாடு பெரும் பாடு. அதற்கு மைக்ரோசாஃப்ட் மட்டும் காரணம் இல்லை, அந்த ஒரு பிரவுசருக்காக மட்டும் எழுதிய நம்மைப் போன்ற டெவலப்பர்களும் காரணம்.

மேக் வாங்க வேண்டுமே என்று தயங்காதீர்கள். பிரவுசரைத் தானாக ஓட்டி டெஸ்ட் செய்யும் பிளேரைட் டூலோடு வெப்கிட்டின் ஒரு பில்ட் சேர்ந்தே வருகிறது, அது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். லினக்ஸ்காரர்கள் க்னோம் வெப் என்ற பிரவுசரைப் போட்டுக்கொண்டாலும் உள்ளே வெப்கிட்தான். நிஜ ஐபோனுக்கு முழுக்க ஈடாகாது, ஆனாலும் பத்தில் ஏழெட்டுப் பிரச்சினை மேசையிலேயே பிடிபட்டுவிடும்.

கேள்வி: குரோமில் விளம்பரங்களைத் தடுக்க வைத்திருந்த யூபிளாக் ஆரிஜின் நின்றுவிட்டது. இனி வராதா?
– வாசகர், வேலூர்

பதில்: குரோமில் வராது. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை மேனிஃபெஸ்ட் வி3 என்று கூகுள் மாற்றிவிட்டது. முன்பு பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் தானே நிறுத்திப் பார்த்து விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிந்தது, இப்போது முன்கூட்டியே ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தடுக்கும் வேலையைப் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். யூபிளாக் ஆரிஜின் லைட் என்று குறைந்த வசதியோடு ஒன்று இருக்கிறது. முழுசாக வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸ், அங்கே பழைய முறையையும் விட்டுவைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனத்தின் கையில் பிரவுசரும் இருந்தால் என்ன ஆகும் என்று பலர் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததுதான் இது.

கேள்வி: 2004-ல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து நான் ஃபயர்பாக்ஸ்தான். கூகுள் மீதான வழக்கில் குரோமையே விற்கச் சொல்வார்கள் என்றார்கள், அது நடக்கவில்லை. இது ஃபயர்பாக்ஸுக்கு நல்லதா கெட்டதா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, கொஞ்ச நாளைக்கு நல்லது, நீண்ட நாளைக்குக் கவலைதான்.

கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். அதற்குப் பரிகாரமாகக் குரோமை விற்க வேண்டும் என்று வழக்குப் போட்ட அமெரிக்க அரசின் நீதித்துறை கேட்டது. இடையில் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ நிறுவனம் 3,450 கோடி டாலருக்குக் குரோமை வாங்கிக்கொள்கிறேன் என்றுகூட வந்து நின்றது. 2025 செப்டம்பரில் நீதிபதி, விற்க வேண்டாம், ஆனால் பிறரை வரவிடாத பிரத்தியேக ஒப்பந்தம் போடக்கூடாது என்றார். காசு கொடுத்து முதலிடம் வாங்குவதைத் தடை செய்யவில்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஃபயர்பாக்ஸுக்கு மூச்சு. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, ஃபயர்பாக்ஸில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். அது நின்றால் ஃபயர்பாக்ஸே ஆட்டம் கண்டுவிடும் என்று மொசில்லாவே நீதிமன்றத்தில் சொன்னது. இதே கணக்கில் ஆப்பிளுக்கு 2022-ல் மட்டும் போன தொகை 2,000 கோடி டாலர். வங்கியில் இருந்தவர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரே வாடிக்கையாளரை நம்பி ஓடும் கடை எப்போதும் அந்த வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இங்கே அந்த வாடிக்கையாளரே எதிர்க்கடைக்காரரும்கூட.

இதற்கு வெளியே நடக்கும் இரண்டு வேலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு நம்பிக்கை தருபவை அவைதான். ஒன்று சர்வோ. மொசில்லா ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கிய புது இன்ஜின் அது, அதன் சில பகுதிகள் 2017-ல் ஃபயர்பாக்ஸுக்குள் போய் அதை வேகமாக்கின. 2020-ல் மொசில்லா ஆட்குறைப்பு செய்தபோது சர்வோ குழுவும் போய்விட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை ஏற்றுக்கொண்டது, 2023-லிருந்து ஸ்பெயினின் இகாலியா என்ற நிறுவனம் ஆள் போட்டு வேலை செய்கிறது, அதை நடத்துவதே அதில் வேலை செய்பவர்கள்தான். 2025 அக்டோபரில் முதல் எண்ணிட்ட வெளியீடும் வந்தது. இன்னொன்று லேடிபேர்ட். முன்பு ஆப்பிளில் வெப்கிட்டில் வேலை பார்த்த ஆந்திரியாஸ் கிளிங் தொடங்கியது, பிளிங்க், வெப்கிட், கெக்கோ எதிலிருந்தும் ஒரு வரி எடுக்காமல் முதலிலிருந்து எழுதுகிறார்கள். 2024-ல் அதற்கென்று லாப நோக்கமற்ற அமைப்பு ஏற்பட்டது, தேடல் ஒப்பந்தக் காசு வாங்குவதில்லை என்று சொல்லியே ஆரம்பித்திருக்கிறார்கள். ஆல்ஃபா பதிப்புக்கு 2026 என்று குறி வைத்தார்கள். இரண்டுமே இன்று உங்கள் அன்றாட வேலைக்கு ஆகாது. நீங்கள் ஃபயர்பாக்ஸிலேயே இருங்கள், ஏதாவது தளம் உடைந்தால் மொசில்லாவுக்கும் அந்தத் தளத்துக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். புகார் வராத பிரவுசரை யாரும் டெஸ்ட் செய்ய மாட்டார்கள்.

கேள்வி: ஸோஹோவின் உலா பிரவுசர் நம் ஊர்த் தயாரிப்பு. அதற்கு மாறலாமா?
– கல்லூரி விரிவுரையாளர், விழுப்புரம்

பதில்: மாறலாம். 2023-ல் வந்தது, வேலை, பிள்ளைகள் என்று தனித்தனி மோடு வைத்திருக்கிறார்கள், பின்தொடரும் விளம்பரங்களைத் தடுப்பதில் அக்கறை காட்டுகிறார்கள், 2025-ல் இந்திய அரசு நடத்திய பிரவுசர் போட்டியில் முதல் பரிசும் வாங்கியது. சென்னையிலிருந்து வந்த ஒன்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைத்ததே எனக்குத் தனி சந்தோஷம். ஆனால் உலாவும் குரோமியத்தின் மேல் கட்டியதுதான். உங்கள் தகவல் யாரிடம் போகிறது என்ற கேள்விக்கு அது ஒரு பதில். எத்தனை இன்ஜின் உயிரோடு இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: மகன் ஒரு ஏஐ பிரவுசர் போட்டுக் கொடுத்தான். கட்டுரையைச் சுருக்கிச் சொல்கிறது, மெயிலுக்குப் பதில் எழுதுகிறது, டிக்கெட்கூட எடுத்துத் தருமாம். பேங்க் லாகின், மெயில் எல்லாம் இருக்கும் பிரவுசரிலேயே இதை வைக்கலாமா?
– இல்லத்தரசி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா. படிக்க, சுருக்க என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பேங்கும் மெயிலும் வேறு பிரவுசரில் இருக்கட்டும்.

காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். 1990-களில் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்திலிருந்து பிரவுசரில் ஒரு அடிப்படைச் சுவர் இருக்கிறது: ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் பக்கத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் ஒரு டேபில் பேங்கும் பக்கத்து டேபில் சமையல் குறிப்பும் திறந்து வைத்திருந்தும் ஒன்றும் ஆகாமல் இருப்பது அந்தச் சுவரால்தான். ஏஐ உதவியாளர் அந்தச் சுவரை உடைப்பதில்லை, உங்கள் சாவியை வைத்துக்கொண்டு உங்களைப் போலவே இரண்டு பக்கமும் நடந்து போகிறது. வெப் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கும் நீங்கள் சொன்ன கட்டளைக்கும் வித்தியாசம் அதற்குச் சரியாகத் தெரியாது.

2025 ஆகஸ்டில் பிரேவ் குழு பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட் பிரவுசரில் இதைச் செய்தே காட்டினார்கள். ரெட்டிட் தளத்தில் ஒரு பதிவு, அதன் கீழே ஒரு கமென்ட், அதில் மறைத்து எழுதிய சில வரிகள். பயனர் கேட்டது ஒன்றே ஒன்று, இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல் என்று. உதவியாளர் மறைந்திருந்த வரிகளைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பயனரின் மெயில் முகவரியைத் தேடி எடுத்து, ஓடிபி வரவழைத்து, ஜிமெயிலைத் திறந்து அந்த ஓடிபியைப் படித்து, இரண்டையும் அதே கமென்ட்டுக்குப் பதிலாகப் போட்டுவிட்டது. அவர் வேறு எதையும் கிளிக் செய்யவே இல்லை. காமெட் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2025 அக்டோபரில் அட்லஸ் பிரவுசரை வெளியிட்ட ஓபன்ஏஐ-யும் இது இன்னும் தீராத பிரச்சினை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. எதிர்காலத்தில் பிரவுசர் இந்தத் திசையில்தான் போகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சுவருக்கு ஈடாக இன்னொன்றைக் கட்டும் வரை உங்கள் பேங்க் பக்கத்தை அதனிடம் விடாதீர்கள்.

கேள்வி: நான் மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ். கோடு முழுக்க ஏஐ எழுதிவிடுகிறது. இனி எஃப்12 தட்டி, பக்கத்தின் உள்ளே பார்க்கப் பிரவுசரிலேயே இருக்கும் டெவ் டூல்ஸ் எல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டுமா?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, இப்போதுதான் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

2006-ல் ஜோ ஹெவிட் ஃபயர்பக் என்ற எக்ஸ்டென்ஷனை ஃபயர்பாக்ஸுக்கு எழுதும் முன்பு, பக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்கு இருந்ததெல்லாம் அலர்ட் பெட்டிதான். சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு அலர்ட், ஓகே, அடுத்த அலர்ட், ஓகே. ஃபயர்பக் வந்த அன்று ஒரு பட்டனை இன்ஸ்பெக்ட் செய்து அதன் மார்ஜினை அங்கேயே மாற்றி, அது கண்ணெதிரே நகர்ந்ததைப் பார்த்தது இன்றும் மறக்கவில்லை. இன்று எல்லா பிரவுசரிலும் இருக்கும் டெவ் டூல்ஸ் அந்த வழியில் வந்ததுதான். ஃபயர்பக் 2017-ல் ஓய்வு பெற்றுவிட்டது.

ஏஐ எழுதட்டும். எழுதியது பிரவுசரில் என்ன செய்கிறது என்று யார் பார்ப்பது? போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பையன், பணம் கட்டும் பட்டன் பக்கம் திறந்த இரண்டு நொடியில் தானாகச் செத்துப்போகிறது என்று ஏஐயிடம் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அது பட்டனை மறுபடி உயிர்ப்பிக்கப் புதுக் கோடு எழுதிக் கொடுத்தது. பட்டன் உயிர்க்கும், மறுபடி சாகும். நான் போய் எலிமென்ட்ஸ் டேபில் அந்தப் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து, பிரேக் ஆன் என்பதில் ஆட்ரிபியூட் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை ஓடவிட்டேன். பட்டனை முடக்கும் அந்த நொடியில் கோடு நின்றது, எந்த ஃபைல், எந்த வரி என்று முன்னால் வந்து நின்றது. பழைய ஃபார்ம் செக் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்று இன்னும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. ஏஐக்கு அந்த ஃபைல் இருப்பதே தெரியாது, காரணம் பையனுக்கும் தெரியாது, அவன் கொடுக்கவில்லை. அந்த ஃபைலை எடுத்தோம், ஏஐ சேர்த்த அறுபது வரியையும் அழித்தோம்.

இப்போது ஏஐக்கே டெவ் டூல்ஸைக் கையில் கொடுக்கும் வழிகளும் வந்துவிட்டன. 2025 செப்டம்பரில் குரோம் குழு டெவ் டூல்ஸ் எம்சிபி (ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் முறை) சர்வரை முன்னோட்டமாக வெளியிட்டது. அதை இணைத்தால் ஏஐ தானே குரோமைத் திறந்து கன்சோலைப் படிக்கும், நெட்வொர்க்கைப் பார்க்கும், வேகத்தை அளக்கும். நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது கொண்டுவந்து தரும் நெட்வொர்க் பட்டியலைப் பார்த்து, இந்தப் படம் 4 எம்பி, இதற்காகத்தான் பக்கம் காத்திருக்கிறது, இது இந்த இடத்தில் தேவையே இல்லை என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஒதுக்குங்கள். கன்சோல், நெட்வொர்க், சோர்ஸஸில் பிரேக்பாயிண்ட், பெர்ஃபார்மன்ஸ் என்ற வரிசையில் போங்கள். நெட்வொர்க் டேபில் நெட் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கும் த்ராட்டிலிங் என்று ஒன்று இருக்கும், அதை ஸ்லோவில் வைத்து உங்கள் காலேஜ் தளத்தையே திறந்து பாருங்கள், கிராமத்தில் ஒரு பட்டை சிக்னலில் அந்தப் பக்கம் எப்படி வரும் என்று தெரியும். அப்புறம் இன்னொன்று, பாதி நாள் குரோமில், பாதி நாள் ஃபயர்பாக்ஸில் பழகுங்கள். கிரிட், ஃப்ளெக்ஸ் லேஅவுட்டைப் பிரித்துக் காட்டுவதில் எனக்கு இன்றும் ஃபயர்பாக்ஸ்தான் பிடிக்கும்.

கேள்வி: எமது பாடசாலை இணையத்தளத்தில் கவிதைப் போட்டிக்கு 200 எழுத்து என்று வரம்பு வைத்தோம். பிள்ளைகள் 120, 130 எழுத்து எழுதும்போதே படிவம் மேலே எழுத விடாமல் நிறுத்திவிடுகிறது. என்ன பிழை?
– தமிழ் ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: பிள்ளைகள் எண்ணியது சரி, பிரவுசர் எண்ணுவது வேறு. எஃப்12 தட்டி, கன்சோலில் 'தமிழ்' என்ற சொல்லை மேற்கோளுக்குள் போட்டு அதன் லெங்த்தைக் கேளுங்கள். 5 என்று வரும். நமக்கு அது த, மி, ழ் என்று மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதிவு செய்யும் முறையான யூனிகோடில் நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது, மி என்பது ம ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகவும், ழ் என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகவும் பதிவாகிறது. வரம்பு வைக்கப் படிவத்தில் போடும் மேக்ஸ்லெங்த் இந்தத் துண்டுகளைத்தான் எண்ணும். அதனால் புள்ளியும் கொம்பும் நிறைய வரும் கவிதைக்கு இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தீர்வு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இன்டல்.செக்மென்ட்டர் (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி, ஒரு வரியைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020-லேயே வந்துவிட்டது, அடுத்த வருடம் சஃபாரியில் வந்தது, ஃபயர்பாக்ஸில் மட்டும் 2024 ஏப்ரல் வரை இல்லை. அதனால் அதுவரை நான் துணிந்து பயன்படுத்தவில்லை, இப்போது மூன்றிலும் இருக்கிறது. தளத்தைச் செய்து தந்தவரிடம் சொல்லுங்கள்: மேக்ஸ்லெங்த்தை எடுத்துவிட்டு, மொழி 'டிஏ' (ta), அளவு 'கிராஃபீம்' (grapheme) என்று கொடுத்து ஒரு செக்மென்ட்டர் உருவாக்கி, வரும் துண்டுகளை எண்ணி 200-ஐத் தாண்டினால் மட்டும் தடுக்க வேண்டும். சர்வர் பக்கத்திலும் இதே எண்ணிக்கைதான் இருக்க வேண்டும், டேட்டாபேஸில் அந்தக் கட்டத்தின் அளவு 200 என்று இருந்தால் அதையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் படிவம் ஏற்றுக்கொண்ட கவிதை அங்கே போய் மாட்டும்.

ஒரு சிறு குறை உண்டு. 'க்ஷ' என்பதை அது க், ஷ என்று இரண்டாகத்தான் எண்ணும், 'ஸ்ரீ'-யும் அப்படியே. போட்டிக்கு இது பெரிய விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன். அதையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்றால் அந்த இரண்டுக்கும் தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால், எந்தச் சொல்லில் தடுக்கிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.